கரும்பலகையில் கட்டிப் போட்ட கிடா

நூலகர் வேலைக்கு இத்தனை பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இந்த வேலையை "உக்காந்த எடத்துல சம்பளம்" என்பார்கள். மறுத்துப் பேசாதீர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க மறுத்துப் பேசிப் பார்த்தவன். ஓய்வு பெற்ற அன்றைக்கு என் மச்சினன் சால்வையைப் போர்த்திவிட்டு, "இனிமேலாச்சும் கொஞ்சம் எந்திரிச்சு நடங்க மச்சான்" என்றான்.

புத்தகத்துக்கு எண் போடுவது, அடுக்குவது, மாத அறிக்கை அனுப்புவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லித் தந்ததால் பாதிதான் காதில் விழுந்தது. ஆகவே அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை. பயிற்சியில் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். கரும்பலகையில் ஒரு கிடாயைக் கட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பது.

குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் ஒரு ஊர். கீரனூர் பஸ் வந்து திரும்புகிற இடத்தில் ஒரு பழைய கடலை மில். எண்ணெய் ஆட்டுவதை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும், மழை பெய்தால் சுவரிலிருந்து பிண்ணாக்கு வாசம் கிளம்பும். அந்த மில்லின் முன் அறைதான் எங்கள் கிளை நூலகம். மழைக்காலத்தில் எங்கள் வாசகர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். படிக்கப் படிக்கப் பசிக்கிறதாம்.

அறைக்கு வாடகையும் கிடையாது, பத்திரமும் கிடையாது. மில்லுக்காரர் ஒரு நாள் "வச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டோம். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

மில்லுக்காரர் எழுபதைத் தாண்டியவர். மில் ஓடுவது நின்றும் ஊருக்கு அவர் மில்லுக்காரர்தான். பேசத் தொடங்கும் முன் செருப்பை இரண்டு தடவை தரையில் தேய்ப்பார். அந்தச் சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பவர்கள் தானாக நிறுத்திவிடுவார்கள். கீரனூர் பஸ் வந்தால் நடு ரோட்டில் நின்று, கண்டக்டரிடம் ஊர் நியாயம் ஒன்றைப் பேசி முடித்துவிட்டுத்தான் ஒதுங்குவார். டிரைவர் ஹாரன் அடித்தால் இன்னொரு நியாயம் கூடும். தன்னுடைய அறையில் இருக்கும் நூலகத்துக்குள் மட்டும் அவர் காலடி வைத்ததில்லை. "நான் வந்து உக்காந்தா பிள்ளைக எந்திரிச்சு நிக்கும். எதுக்கு?" என்பார்.

அவருடைய மகன் சிங்கப்பூரில். மில்லை இடித்துவிட்டு டைல்ஸ் கடை கட்டலாம் என்று தகப்பனாரை மாதக்கணக்கில் போனில் அரித்துக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. அறை போனால் எங்கள் கதி என்ன என்று மேலே விசாரித்தேன். "வேற எடம் இல்லேன்னா கீரனூரோட சேத்துர வேண்டியதுதான்" என்றார்கள். காகிதத்தில் அது ஒரு வரி. ஆனால் எங்களிடம் வருவதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதிலும் பொம்பளைப் பிள்ளைகள் அதிகம். பள்ளி விட்டு நேரே வந்து, விளக்கு வைக்கும் முன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பஸ் ஏறிக் கீரனூருக்குப் போய்க் கதைப் புத்தகம் படித்துவிட்டு வா என்று எந்த வீட்டில் அனுப்புவார்கள்? அறை போனால் புத்தகங்கள் கீரனூருக்குப் போகும். பிள்ளைகள் எங்கும் போக மாட்டார்கள். எனக்கு அந்த நாட்களில் இருந்த கவலை அது ஒன்றுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவன். என் ஊரான ஆவூர்ப் பக்கம் என்னை எழுத்தாளர் என்று சொல்வார்கள். என் மனைவி முன்னால் மட்டும் சொல்ல மாட்டார்கள், அவள் சிரித்துவிடுவாள் என்பதால். முதல் புத்தகம் ஒரு அணிலைப் பற்றியது. அந்த அணில் காலையில் எழுந்து, பல் தேய்த்து, மற்ற மிருகங்களுக்கும் பல் தேய்ப்பதன் நன்மையை எடுத்துச் சொல்லும். கடைசியில் சிங்கம் திருந்திவிடும். அதை அலமாரியில் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு வைத்தேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. முகப்புத் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தேன். ஐந்தாம் வகுப்பு யாழினி எடுத்தாள். நின்றபடியே படித்து முடித்தாள்.

"சார், அணிலுக்குப் பேஸ்ட்டு யாரு வாங்கிக் குடுத்தா?"

"அது கதைம்மா."

"அதான் சார், கதையிலதான் கேக்குறேன்."

ஒரு மாதம் கழித்து அந்தப் புத்தகம் மேசைக்கு அடியில் இருந்தது. மில்லின் தரை மேடு பள்ளம். மேசை ஆடியதால் பிள்ளைகள் கால் ஒன்றுக்கு அண்டக் கொடுத்திருந்தார்கள். ஒரு பிரதி போதாமல் இரண்டு வைத்திருந்தார்கள். ஒரே நாளில் என் புத்தகத்தின் இரண்டு பிரதிகள் அலமாரியை விட்டு நகர்ந்தது அன்றைக்குத்தான்.

கரும்பலகை விஷயத்துக்கு வருகிறேன். நூலக வாசலில் ஒரு பலகை உண்டு. தினமும் ஒரு பொன்மொழி எழுத வேண்டும். நானும் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டதால் அதே பொன்மொழி வாரக்கணக்கில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. யாராவது படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக ஒரு நாள், "இன்று நூலகத்தில் சுண்டல் வழங்கப்பட மாட்டாது" என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் வாசலில் கூட்டம். "ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். நான் எப்போது கொடுத்தேன், நிறுத்துவதற்கு?

ஊர் படிக்கிறது, பொன்மொழியை மட்டும்தான் படிக்கவில்லை என்று புரிந்தது. மறுநாளிலிருந்து பலகையில் ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினேன். தினமும் பலகை கொள்ளும் அளவுக்கு. நல்ல இடம் வரும்போது பலகை தீர்ந்துவிடும்.

அணில் தோற்றுப்போனதால் இந்தத் தடவை கொஞ்சம் பெரிய பிராணியாக எடுத்தேன். செவலை என்று ஒரு கிடா. கருப்பருக்கு நேர்ந்துவிட்டது. ஆகவே யாரும் அதை அடிக்க முடியாது. யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் "கருப்பர் கிடா" என்று விட்டுவிட வேண்டும். செவலைக்கு இது தெரியும். கத்திரித் தோட்டத்தை முடித்துவிட்டு வெண்டைக்குப் போகும். நடு ரோட்டில் படுத்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்தும். மற்ற ஆடுகளிடம் பேசும் முன் முன்னங்காலால் தரையை இரண்டு தடவை தேய்க்கும். தேய்த்ததும் மந்தை அமைதியாகிவிடும்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. எனக்குத் தெரியவில்லையே, என்ன செய்ய? எழுதுகிறவனுக்குத் தன் எதிரில் தினமும் நடமாடுவது எதுவோ அது கைவழியே இறங்கிவிடும். சத்தியமாக நான் செவலையைத்தான் எழுதினேன்.

கதை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வந்தார்கள், பிறகு பெரியவர்கள். எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருந்த மணி தினமும் பலகையைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த ஊர்க்காரர்கள் காலையில் செவலையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்களாம். எழுத்தாளர் என்று என்னை நானே ரகசியமாகக் கூப்பிட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

கதையில் திருவிழா வந்தது. நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் திருவிழா வந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆவூர்க்காரன், கோயிலில் என்ன நடக்கும் என்று முழு விவரம் தெரியாது. ஊரார் ஒவ்வொரு வருஷமும் கிடா வெட்டுக்குக் கூப்பிடுவார்கள். எல்லாம் வெந்து, இலை போடுகிற நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்கிறவன் நான். யாழினியைக் கேட்டேன்.

"மொதல்ல மாலை போடுவாங்க சார். அப்பறம் கிடா தலையில தண்ணி ஊத்துவாங்க. ஊத்திட்டு எல்லாரும் பாத்துக்கிட்டே நிப்பாங்க. கிடா தலையச் சிலுப்புச்சுன்னா கருப்பர் உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். சிலுப்புனாத்தான் வெட்டலாம்."

"சிலுப்பலேன்னா?"

"சிலுப்புற வரைக்கும் அருவாளத் தொடக் கூடாது."

"எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"தெரியல சார். எங்க ஊருக் கிடாயெல்லாம் ஒடனே சிலுப்பிரும்."

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், செவலைக்கு மாலை போட்டேன். கோயில் வேப்பமரத்தில் கட்டினேன். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். "கூட்டம் செவலையையே பார்த்தது" என்று எழுதும்போது பலகை முடிந்துவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. ஒரு முழு நாள் ஊரே தவிக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டு திரும்பினேன்.

மணி போட்டோ எடுத்துக்கொண்டே, "சார், ஒங்களுக்கு ரொம்பத் தைரியம்" என்றான்.

"என்னப்பா?"

"மில்லுக்காரர இப்புடியா கோயில்ல கொண்டு போயிக் கட்டுவீங்க!"

காலைத் தேய்ப்பது. பஸ்ஸை நிறுத்துவது. யாரும் எதிர்த்துப் பேச முடியாதது. பலகையை மறுபடி படித்தேன். "இது ஊருக்கே தெரியுமாப்பா?" என்றேன்.

"கிடா நடு ரோட்டுல படுத்த அன்னைக்கே தெரியும் சார். நீங்க வேணும்னே எழுதுறீங்கன்னு நெனச்சோம்."

அப்போது பின்னால் செருப்பு தேய்கிற சத்தம். இரண்டு தடவை.

மணி கடைக்குள் போய்விட்டான். மில்லுக்காரர் பலகை முன்னால் வந்து நின்று, உதடு அசைய, மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"லைப்ரேரியன் சார்."

"ஐயா."

"நாளைக்கு என்னா ஆகும்?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. லைப்ரரி லீவு."

"நான் லீவக் கேக்கல. கிடாயக் கேக்குறேன்."

"இன்னும் யோசிக்கலைங்க."

"யோசிங்க." கொஞ்ச தூரம் போனவர் திரும்பினார். "ஞாயித்துக்கெழமை எம் மகன் சிங்கப்பூர்லேர்ந்து வாரான்."

போய்விட்டார்.

இதற்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும்? எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. என் அறையில் உட்கார்ந்துகொண்டு என்னையே வெட்டக் கொடுக்கிறாயா, மகன் வரட்டும், சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். இருசக்கர வண்டியில் ஆவூர் போகும் வழியெல்லாம் புத்தக மூட்டைகள் கீரனூர் லாரியில் ஏறுவது மாதிரியே தெரிந்தது. ஒரு கிடாயை எழுதி ஒரு நூலகத்தை மூடின பெருமை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க எழுதினேன், கிழித்தேன். எப்படியோ என் நம்பரைப் பிடித்து இரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒருத்தர், "சார், வெட்டிராதீங்க, என் மக அழுவுறா" என்றார். இன்னொருத்தர், "வெட்டிருங்க சார், கத்திரித் தோட்டம் எங்களோடது மாதிரியே இருக்கு" என்றார். என் மனைவி பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஆட்டை வெட்டியாச்சா?"

"இல்ல."

"அப்ப இன்னைக்கும் சாம்பார்தான்."

"வெளையாடாத. லைப்ரரி போயிரும் போலருக்கு." விஷயத்தைச் சொன்னேன்.

சிவப்புப் பேனாவை மூடினாள். "நீங்க எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தராவது அடுத்து என்னா ஆகும்னு கேட்டிருக்காங்களா?"

"இல்ல."

"இப்ப ஒருத்தர் கேட்டிருக்காரு. அதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு!"

அது அவளுக்குச் சுலபம். சாவி அவளிடம் இல்லை. சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு எழுதினேன். குதிரை மேல் கருப்பரே வருகிறார். "இந்தச் செவலை என் உயிருக்குச் சமானம்" என்கிறார். செவலை ஊருக்கு ராஜாவாகிறது. பள்ளிக்கூடம் கட்டுகிறது. ஏழைகளுக்கு உதவுகிறது. மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"பல்லுத் தேய்க்கச் சொல்லலையா?" என்றாள்.

சனிக்கிழமை காலையில் பலகை நிறைய ராஜ கிடாயை எழுதி வைத்தேன். பிள்ளைகள் வந்தார்கள். படித்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். யாழினிதான் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"சார், தண்ணி ஊத்துனாங்களே, அது என்னாச்சு?"

"கருப்பரே வந்துட்டாருல்லம்மா."

"வந்தாரு சார், சரி. கிடா சிலுப்புச்சா, இல்லையா?"

"அதான் ராஜா ஆயிருச்சே."

"ராஜா அப்பறமா ஆவட்டும். சிலுப்புச்சான்னு சொல்லுங்க." பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். "சார், நீங்க யாருக்கோ பயந்துக்கிட்டு எழுதிருக்கீங்க."

தம்பிகளே, தங்கச்சிகளே, மேலதிகாரிகள் கேட்ட விளக்கத்துக்கெல்லாம் பதில் எழுதி அனுப்பியவன் நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதில் இல்லை. டஸ்டரை எடுத்து ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கினேன். பள்ளிக்கூடத்தையும் அழித்தேன். கருப்பரை மட்டும் கும்பிட்டுவிட்டு அழித்தேன்.

பலகை வெறுமையாக இருக்கிறது. அதற்குள் கீரனூர் பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கிவிட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்றார்கள். மணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன சார், அழிச்சுட்டீங்க?" "கிடா என்னாச்சு சார்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கூட்டம் சட்டென்று நடுவில் பிளந்தது. மில்லுக்காரர் வந்து எனக்கு நேர் பின்னால் நின்றார்.

எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை. சாக்பீஸை எடுத்தேன். "ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள்" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் செருப்பு தேய்ந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. ஏதோ சொல்ல வருகிறார். ஆனால் சொல்லவில்லை, நிறுத்திக்கொண்டார். கூட்டம் மொத்தமும் அமைதியாகிவிட்டது.

என் கை தானாக எழுதியது. "செவலை சிலுப்பவில்லை. முன்னங்காலால் தரையை இரண்டு தடவை தேய்த்தது. கூட்டம் அமைதியானது."

எழுதிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று தெரிந்தது. அழிக்கலாம் என்று டஸ்டரைத் தேடினால், டஸ்டர் யாழினி கையில். கொடு என்று கண்ணைக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

இனிமேல் முன்னால் போவது ஒன்றுதான் வழி. "இரண்டாவது குடம் ஊற்றினார்கள். செவலை கண்ணை மூடிக்கொண்டது. வெயிலுக்கு நன்றாக இருந்தது."

"இன்னொரு கொடம் ஊத்துங்க சார்!" என்றது ஒரு குரல்.

"காதுல ஊத்தணும் சார், காதுல!"

"காதில் ஊற்றினார்கள்" என்று எழுதினேன். "செவலை வலது காதைக் காட்டிய பிறகு இடது காதையும் காட்டியது."

கூடைக்காரப் பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி, "அது சரி, அரைச்ச மசாலா என்னாவறது?" என்றாள்.

"வெயில் சாய்ந்தது" என்று எழுதினேன். "மசாலா அரைத்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அரிவாளைத் தொடவில்லை. கடைசியில் பூசாரி சொன்னார்: சாம்பார் வையுங்கள்."

கூட்டம் கத்திய கத்தலில் பஸ் டிரைவர் இறங்கி வந்துவிட்டார். பலகையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில், "செவலை மாலையைத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனது" என்று எழுதி முடித்தேன். கையில் சாக்பீஸ் தூள்தான் இருந்தது.

திரும்பினேன். மில்லுக்காரர் சிரிக்கவில்லை. செருப்பைத் தேய்த்தார்.

"லைப்ரேரியன் சார்."

"ஐயா."

"அந்தக் கிடா நாந்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஊரே எதிரில் நிற்கிறது, ஊருக்கே தெரியும். ஆமாம் என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. நான் சொன்னது இதுதான்: "கிடாதான் மொதல்ல வந்துச்சுங்க ஐயா. நீங்க நடுவுல வந்து சேந்துக்கிட்டீங்க. நான் கவனிக்கல."

"ம்" என்றார். பலகையைப் பார்த்தபடியே பேசினார். "எம் மகன் மாசக்கணக்கா என் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கான் சார். போன்லயே ஊத்துறான். டைல்ஸு கடைங்குறான், வாடகைங்குறான், ஒங்க காலத்துக்கப்பறம் என்னாங்குறான். நாளைக்கு நேர்லயே கொடத்தோட வாரான். நான் சிலுப்பிருவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு. அதுக்குத்தான் வியாழக்கெழமை ஒங்கள்ட்ட வந்து கேட்டேன். நீங்க என்னமோ லீவுங்குறீங்க!"

அவர் மணி நின்ற பக்கம் திரும்பினார்.

"டேய் மணி, போட்டோ எடுத்திட்டியா?"

"எடுத்துட்டேங்கய்யா."

"ஊரு குரூப்புல போடு. எம் மகன் அதுலதான் இருக்கான். ஏரோப்ளேன் ஏறுறதுக்கு முன்னாடி பாத்துக்கிறட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். பெட்டியை வீட்டில் வைத்த கையோடு நூலக வாசலுக்கு வந்து பலகையை நேரில் ஒரு தடவை படித்தார். உள்ளே வந்து அலமாரிகளைப் பார்த்தார். ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"எங்கப்பாவ எழுதுறதுக்கு ஒங்களுக்கு எங்கேர்ந்து சார் தைரியம் வந்துச்சு?"

"டஸ்டர் எங் கையில இல்லைங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். "எங்கம்மா இருந்த காலத்துலயே அவர் சிலுப்புனதில்ல. நாந்தான் வீணா கொடம் கொடமா ஊத்திட்டேன்" என்றார். டைல்ஸ் கடை பிறகு கீரனூர் ரோட்டில் வேறு இடத்தில் வந்தது.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னால், என் அணில் வந்து சொன்ன மாதிரி ஆகிவிடும். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் தலையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். இந்த அறை எதற்கு, இத்தனை பிள்ளைகள் எதற்கு, புத்தகத்தைப் பூட்டி வைத்தால் போதாதா என்று விதவிதமான குடத்தில் வரும். நல்ல வார்த்தையாகவும் வரும். அப்போது உடனே சிலுப்பிவிடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வெயிலுக்கு நன்றாகத்தான் இருக்கும். நிற்க நிற்க ஊற்றுகிறவர்களுக்குக் கை வலிக்கும்.

செவலை பிறகு புத்தகமாக வந்தது. அதை அலமாரியில் நிமிர்த்தி வைக்கும் சிரமம் எனக்கு இருக்கவில்லை. அது அலமாரியில் இருந்தால்தானே! ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடித்தான் வாங்க வேண்டும்.

ஆனால் அணிலின் கதை சோகமாக முடிந்தது. மகன் கடை திறந்த கையோடு, நூலகத்துக்குத் தரை முழுக்க டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். மேடு பள்ளம் போனது. மேசை ஆடுவது நின்றது. கால் அடியிலிருந்து இரண்டு பிரதிகளும் வெளியே வந்தன. அந்தப் புத்தகத்துக்கு இருந்த ஒரே வேலையும் போனது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். இப்போது அங்கே இருப்பது உங்களில் ஒரு தங்கச்சி. பலகையில் ஒரு காக்காய் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. வாசலில் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. டைல்ஸில் தேய்த்தால் சத்தம் வருவதில்லையாம், அதனால் மில்லுக்காரர் வெளியே மண்ணில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். தினமும் வருகிறார். பிள்ளைகள் யாரும் எழுந்து நிற்பதில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அந்தத் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நாளைக்கு என்னா ஆகும்?"

"நாளைக்கு வெள்ளிக்கெழமைங்கய்யா. லீவு."

"எல்லாரும் இதையே சொல்லுங்க" என்றார்.